ஆயிரம் காகிதக் கொக்குகளில் உங்கள் பங்கு நாற்பது என்றால்

ஒசாகாவில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. அவருடைய குழுவில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய், மருத்துவமனையில் இருக்கிறார். அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு கட்டு வண்ணத்தாளைக் கொடுத்து, 40 கொக்கு மடித்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். "ஆயிரம் மடித்தால் நினைத்தது நடக்கும் என்கிறார்கள். ஆனால் அந்த ஹிரோஷிமாச் சிறுமி 644 மடித்ததோடு இறந்துபோனாள் என்றுதானே படித்திருக்கிறோம்? நோயாளிக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுப்பது அபசகுனமாகப் படாதா? உண்மையில் இதனால் அவருக்கு என்ன பயன்? எனக்கோ காகிதக் கப்பல் தவிர எதுவும் மடிக்கத் தெரியாது" என்று கேட்டிருக்கிறார்.

மடித்துக் கொடுங்கள் தம்பி. கொக்கு நோயைக் குணமாக்காது. உங்கள் மேசையில் தாளை வைத்துவிட்டுப் போனவருக்கும் அது தெரியும். ஆனாலும் மடிக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த 644-ஐப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது தவறான கணக்கு.

அந்த ஹிரோஷிமாச் சிறுமி சடாகோ சசாகி பிறந்தது 1943 ஜனவரி 7. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 அன்று அவளுக்கு இரண்டரை வயது. குண்டு வெடித்த இடத்திலிருந்து வீடு சுமார் 1.6 கிலோமீட்டர் தூரம். உடம்பில் காயம் எதுவும் இல்லை. தாயோடு தப்பி ஓடும்போது, அணுகுண்டின் கதிரியக்கச் சாம்பல் கலந்து பெய்த கறுப்பு மழையில் நனைந்தாள், அவ்வளவுதான். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் வளர்ந்தாள். ஆறாம் வகுப்பில் தொடரோட்ட அணியில் வேகமாக ஓடும் பிள்ளை. 1954 இறுதியில் கழுத்தில் வீக்கம் தெரிந்தது. 1955 பிப்ரவரி 21 அன்று ஹிரோஷிமா செஞ்சிலுவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரத்தப் புற்றுநோய், அதிகம் போனால் ஓராண்டு என்று மருத்துவர்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர்.

கொக்கு வந்தது ஆகஸ்டில். நகோயாவிலிருந்து பள்ளி மாணவர்கள் மடித்து, நூலில் கோத்து, அந்த மருத்துவமனை நோயாளிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் சடாகோ மடிக்கத் தொடங்கினாள். இந்த இடத்தைப் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். வழக்கத்தைத் தொடங்கியவள் அவள் இல்லை. முகம் தெரியாத நோயாளிகளுக்குக் கொக்கு மடித்து அனுப்புகிற பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. அவள் கைக்கே அது அப்படித்தான் வந்து சேர்ந்தது. அவளால் நடந்தது, ஜப்பானுக்குள் இருந்த ஒன்றை உலகம் முழுக்கத் தெரிந்துகொண்டது.

தாள் அன்று மலிவாகக் கிடைக்கும் பொருள் இல்லை. மருந்து சுற்றிவரும் தாள், மற்ற நோயாளிகளுக்கு வந்த பரிசுப் பொட்டலங்களின் உறை, பழத்தைச் சுற்றிய செலோபேன் என்று கிடைத்ததிலெல்லாம் மடித்தாள். அவளைவிடச் சற்று மூத்த பெண் ஒருத்தி அதே அறையில் நோயாளியாக இருந்தாள். இருவரும் சேர்ந்தே மடித்தார்கள். ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தின் காட்சிக் குறிப்பின்படி ஆகஸ்ட் முடிவதற்குள் ஆயிரம் ஆகிவிட்டது. அதோடு நிறுத்தவில்லை, மேலும் சுமார் 300 மடித்தாள். கடைசியில் மடித்தவை மிகச் சிறியவை. ஊசி முனையால் மடிப்பை அழுத்தித்தான் அந்த அளவில் செய்ய முடியும். அக்டோபர் 25 அன்று இறந்தாள். வயது 12.

644 என்ற எண் 1977-இல் வந்த ஓர் அமெரிக்கச் சிறுவர் கதைநூலால் பரவியது. பாதியில் சிறுமி இறக்கிறாள், மீதியைத் தோழர்கள் முடித்து அவளோடு புதைக்கிறார்கள் என்று அந்தக் கதை போகிறது. பாடப்புத்தகங்களுக்கு வசதியான முடிவு. ஆனால் அவளுடைய அண்ணன் மசாஹிரோ சசாகி, ஆயிரத்துக்கு மேல் மடித்தாள் என்றே சொல்லிவருகிறார்.

எனக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயமாகத் தெரியவில்லை. 644-இல் நின்றது என்றால் 'எண்ணிக்கை முடிந்திருந்தால் பிழைத்திருப்பாளோ' என்ற கேள்விக்கு இடம் வைக்கிறோம். நீங்கள் அபசகுனம் என்று பயப்படுவதும் அந்த ஓட்டை வழியாகத்தான். நடந்தது வேறு. ஆயிரம் முடிந்தது, உடம்பு தேறவில்லை, அது தெரிந்தும் அந்தப் பிள்ளை அடுத்த தாளை எடுத்தாள். அவளுக்கு நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை. ஆனால் தன் இரத்தப் பரிசோதனை எண்களை அவள் ரகசியமாக ஒரு தாளில் குறித்து வைத்திருந்தது பிறகு தெரியவந்தது. ஏமாந்து மடித்துக்கொண்டிருந்த குழந்தை இல்லை அவள். எட்டு மாதம் படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு, அன்றைக்குத் தன் கையால் ஒன்றைத் தொடங்கி அன்றைக்கே முடிக்க முடிகிறது என்பது பெரிய விஷயம். ஊசி போடுவதும் இரத்தம் ஏற்றுவதும் பிறர் அவளுக்குச் செய்தவை. கொக்கு மட்டும் அவள் செய்தது.

இனி வழக்கத்தின் வேர். கொக்கு ஆயிரம் ஆண்டு வாழும், ஆமை பத்தாயிரம் ஆண்டு வாழும் என்பது ஜப்பானியச் சொலவடை. கல்யாணத் துணியிலும் புத்தாண்டு அலங்காரத்திலும் கொக்கு வருவது இதனால்தான். (அவர்கள் சொல்வது தலையில் சிவப்புத் திட்டுள்ள பெரிய பறவை, நம் வயல் கொக்கு இல்லை. ஜப்பானில் அதுவே அழிந்துவிட்டது என்று நினைத்த காலம் உண்டு. 1952-இல் ஹொக்கைடோவின் குஷிரோ சதுப்பு நிலத்தில் எண்ணியபோது 33 பறவைகள்தாம். உழவர்கள் பனிக்காலத்தில் தானியம் போட்டுக் காப்பாற்றினார்கள். இன்று ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன.) 1797-இல் கியோட்டோவில் 'ஆயிரம் கொக்கு' என்ற பெயரிலேயே ஒரு மடிப்பு நூல் அச்சாகியிருக்கிறது. குவானா ஊரின் ஒரு பௌத்தத் துறவி உருவாக்கிய 49 வடிவங்கள் அதில் உண்டு. ஒரே தாளை அறுந்துபோகாமல் வெட்டி, அலகும் இறக்கையும் ஒட்டியபடியே பல கொக்குகளை மடிக்கிற வித்தை அது. நீங்கள் இன்று மருத்துவமனையில் பார்க்கும் நூல்சரம் வேறு வகை. அதற்கும் சென்பாசுரு, அதாவது 'ஆயிரம் கொக்கு' என்றே பெயர்.

நோயாளிக்கு மட்டும் கட்டுவதில்லை. பள்ளிக்கூட பேஸ்பால் அணிகளுக்கும் கட்டுவார்கள். தோற்ற அணி தன் சரத்தை வென்ற அணியிடம் கொடுத்துவிட்டுப் போகும். எங்களுக்கும் சேர்த்து ஆடுங்கள் என்று அர்த்தம். கைமாற்றிக் கொடுப்பதற்காகவே செய்யப்படும் பொருள் இது என்று அதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது.

பயன் என்ன என்று கேட்டீர்கள். 1955-இல் குழந்தைகளுக்கு வரும் கடுமையான இரத்தப் புற்றுநோய் என்றால் சில மாதங்களில் மரணம். 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ஒரு மருந்தால் நோயைச் சில மாதம் தள்ளிப்போட முடியும் என்று காட்டியிருந்தார்; அதற்குமேல் வழி இல்லை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1960-களில் வந்தது. இன்று வசதியான நாடுகளில் குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகையில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதைச் சாதித்தது மருந்து, பரிசோதனை, சிகிச்சைக்கு ஒப்புக்கொடுத்த குடும்பங்கள். கொக்குக்கு அதில் பங்கு இல்லை.

கொக்கு வேலை செய்வது வேறு இடத்தில். நீண்ட நாள் மருத்துவமனையில் இருப்பவருக்கு, வெளியே எல்லாம் தன்னை விட்டுவிட்டு நடந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் வரும். அலுவலகத்தில் தன் வேலையை யாரோ எடுத்துக்கொண்டிருப்பார்கள், தன் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். 'சீக்கிரம் குணமாகுங்கள்' என்று செல்பேசியில் செய்தி அனுப்ப ஐந்து விநாடி போதும். பெறுகிறவருக்கும் அது தெரியும். ஒரு கொக்குக்குப் பழகியவர் கைக்கே இரண்டு நிமிடம் ஆகும். ஆயிரத்துக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல். புதியவர்கள் கலந்திருந்தால் ஐம்பது, அறுபது என்று போகும். அந்தச் சரத்தைப் பார்க்கிறவர் அந்த நேரத்தைத்தான் பார்க்கிறார். அதிலும் சில கொக்குகள் கோணலாக இருக்கும். இது இன்னார் மடித்ததாகத்தான் இருக்கும் என்று கண்டுபிடித்துச் சிரித்த நோயாளிகளை எனக்குத் தெரியும். இணையத்தில் காசு கொடுத்தால் ஆயிரம் கொக்கையும் மடித்து, கோத்து, பெட்டியில் அனுப்பிவிடுகிறார்கள். அவசரத்துக்கு அது உதவலாம். ஆனால் அதை வாங்கிக் கொடுப்பதற்குப் பதில் நல்ல பழமாக வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

மடிக்கிறவர்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. உடன் வேலை செய்தவருக்குப் பெரிய நோய் என்றதும் மற்றவர்களுக்குக் கை ஓடாது. போய்ப் பார்ப்பதா, பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் விலகியே இருப்பார்கள். மதிய இடைவேளையில் நாலு பேர் உட்கார்ந்து தாள் மடிக்கும்போது அவரைப் பற்றிய பேச்சு தானாக வரும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் ஜப்பானிலேயே இதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். ஆயிரம் கொக்கு என்பது இடத்தை அடைக்கும் பொருள். தூக்கியெறியவும் மனம் வராது. நோயாளிக்குச் சில நேரம் அது பாரமாகிறது: 'இத்தனை பேர் இவ்வளவு செய்தும் நான் தேறவில்லையே' என்று. 2011-இல் வடகிழக்கு ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது பெட்டி பெட்டியாகக் கொக்குகள் போய்ச் சேர்ந்தன. தண்ணீரும் போர்வையும் பிரித்துக் கொடுக்க ஆள் போதாத இடத்தில் இதை எங்கே வைப்பது என்று கடுமையான விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனம் நியாயமானது. முகம் தெரியாத கூட்டத்துக்கு அனுப்பும்போது கொக்கு மடித்தவரின் திருப்திக்காக மட்டும் என்று ஆகிவிடும் ஆபத்து உண்டு. பெயர் சொல்லி ஒருவருக்கு, அவரைத் தெரிந்தவர்கள் செய்வது அப்படியில்லை.

ஆகவே மடிக்கத் தொடங்குவதற்கு முன் யாராவது ஒருவர் அவர் வீட்டாரிடம் கேட்க வேண்டும். இது சம்பிரதாயத்துக்காகச் சொல்வதில்லை. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாட்களில் சாதாரணப் பூஞ்சை வித்து ஒன்றே உயிருக்கு ஆபத்தாகலாம். காற்றை வடிகட்டித் தரும் அறைகளில் வைத்திருப்பார்கள். பூங்கொத்து, தொட்டிச் செடி எதையும் உள்ளே விடமாட்டார்கள். (தொட்டிச் செடியை ஜப்பானில் எந்த நோயாளிக்குமே கொண்டுபோவதில்லை, படுக்கையிலேயே வேர்பிடித்துவிடுவார் என்று.) பல மடிப்புகள் உள்ள தாள் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துடைக்கவும் முடியாது. சில வார்டுகளில் நெகிழிப் பைக்குள் மூடி வைக்கச் சம்மதிப்பார்கள், சில இடங்களில் அதற்கும் அனுமதி இல்லை. செவிலியரிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். முடியாது என்றால் சரத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, மடித்த எல்லோரும் நின்று எடுத்த படத்தை அவருக்கு அனுப்பலாம். வீடு திரும்பும்போது வாசலில் தொங்கட்டும்.

மடிக்கும் முறைக்கு வருவோம். ஓரிரு மாலைகள் பழகினால் வந்துவிடும். அலுவலகத்தில் கொடுத்த தாள் அநேகமாக 7.5 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கும். அதில் நேராகத் தொடங்காதீர்கள். 15 சென்டிமீட்டர் தாளில் பழகிவிட்டுச் சின்னதற்கு வாருங்கள். மூலைக்கு மூலையும், விளிம்புக்கு விளிம்பும் மடித்துப் பிரித்து, அந்தத் தடங்களை வைத்துத் தாளைச் சின்னச் சதுரமாக ஒடுக்க வேண்டும். திறந்த முனை உங்களைப் பார்த்து இருக்கட்டும். இரு பக்க விளிம்புகளையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து தடம் பதித்துப் பிரித்துவிட்டு, மேலடுக்கை மட்டும் திறந்த முனையைப் பிடித்து மேலே தூக்குங்கள்; பக்கங்கள் தாமாக உள்ளே மடங்கி, நீண்ட சாய்சதுரம் வரும். மறுபுறமும் அதேபோல். புதியவர்கள் திணறுவது இந்தத் தூக்கலில்தான். இதை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது ஒருமுறை செய்து காட்டட்டும். எழுத்தில் படித்து வராது. பிறகு கீழே பிளந்திருக்கும் இரு கால்களையும் இன்னும் ஒடுக்கி, உட்புறமாகத் திருப்பி மேலே எடுத்தால் ஒன்று கழுத்து, ஒன்று வால். கழுத்தின் நுனியைக் கீழே வளைத்தால் தலை.

தலையைப் பற்றி ஒரு விஷயம். நோயாளிக்கு என்றால் தலையை வளைக்காமல் நேராகவே விட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கழுத்தை ஒடிப்பது ஆகாது என்று. வேறு சிலர் வழக்கம்போல வளைப்பார்கள். ஆயிரத்தில் பாதி ஒரு மாதிரி, பாதி இன்னொரு மாதிரி வந்துவிடாமல் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இறக்கைகளை விரிக்காதீர்கள். சரத்தில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காக உட்கார வேண்டும் என்பதால் மூடியபடியே விடுவார்கள். வயிற்றை ஊதிப் புடைக்கவும் வேண்டாம். கறுப்புத் தாள், வெள்ளைத் தாள் கட்டில் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். துக்க நிறங்கள் என்று பலர் தவிர்ப்பார்கள்.

40 என்பதும் யாரோ சும்மா சொன்னது இல்லை. ஒரு நூலுக்கு 40 வீதம் 25 நூல், ஆயிரம். இது வழக்கமான அடுக்கு. ஆகவே உங்கள் பங்கு ஒரு முழுச் சரம். நூலின் அடியில் ஒரு மணியோ பொத்தானோ கட்டி, வயிற்றிலுள்ள சிறு துளை வழியாக ஊசியை விட்டு முதுகின் கூர்முனையில் எடுக்க வேண்டும். முனையின் நடுவில் எடுக்காவிட்டால் கொக்கு சாய்ந்து தொங்கும். ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்திருந்தால், கடைசியில் சிவப்பிலிருந்து ஊதா வரை வரிசையாக வருகிற மாதிரி கட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். உங்கள் நிறத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள். விருப்பமிருந்தால் மடிக்கும் முன் தாளின் வெள்ளைப் பக்கத்தில் நாலு வார்த்தை எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். அது மடிப்புக்குள் போய்விடும், யாரும் படிக்கமாட்டார்கள். பலர் அப்படிச் செய்கிறார்கள்.

ஆயிரம் முடியாவிட்டால்? ஒன்றும் ஆகாது. 600 கொக்குகளைக் கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன்னால் வேண்டும் என்று நாள் குறைவாக இருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். நாள் கடந்தபின் ஆயிரமாகக் கொண்டுபோவதைவிட அது மேல்.

பிறகு அதை என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். விதி எதுவும் இல்லை. சிலர் கோயிலில் கொடுத்து, மந்திரம் சொல்லி எரித்துவிடுவார்கள். சிலர் வீட்டில் வைத்திருப்பார்கள். ஹிரோஷிமாவிலேயே இதற்கு ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. சடாகோவின் வகுப்புத் தோழர்கள் பணம் திரட்டத் தொடங்க, 3,100-க்கும் மேற்பட்ட பள்ளிகள் கொடுத்து, 1958 மே 5 அன்று அமைதிப் பூங்காவில் குழந்தைகளின் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அங்கே ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி கொக்குகள் வந்து குவிகின்றன. எடை பத்து டன். 2003-இல் ஒரு கல்லூரி மாணவன் தீ வைத்ததில் ஒரு லட்சத்துக்கும் மேல் எரிந்துபோயின. சில ஆண்டுகள் எல்லாவற்றையும் பாதுகாத்து வைத்துப் பார்த்தார்கள், தாங்கவில்லை. இப்போது காகிதக் கூழாக்கி, குறிப்பேடும் அட்டையும் செய்கிறார்கள். ஹிரோஷிமாவே கூழாக்கும்போது, உங்கள் நண்பர் ஒருநாள் அதை எடுத்துப் போட்டுவிட்டால் யாரும் தப்பாக நினைக்க முடியாது. கொடுக்கும்போதே, 'வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை' என்று ஒரு சீட்டில் எழுதி இணைத்துவிடுங்கள். அந்தச் சீட்டுக்காக அவர் வீட்டார் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

இன்னொன்று. கோத்து, 25 நூலையும் சிக்கில்லாமல் சேர்த்துக் கட்டுவது யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். மடிக்க எல்லோரும் வருவார்கள். கட்டுகிற அன்றைக்கு ஆள் இருக்காது. ஊசி பிடிக்கத் தெரியும் என்றால் நீங்களே முன்வந்துவிடுங்கள். சுருக்கமாக முடித்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போய்விடும்.